அத்திரம்பாக்கம், பூண்டி, குடியம்: ஒரே நாளில் பார்க்க முடியுமா?

மாம்பலம்_நடைக்குழு:
வணக்கம். வருகிற தை மாதத்தில் ஒரு நாள் அத்திரம்பாக்கம் பழைய கற்கால இடத்தைப் பார்க்கப் போகிறோம். மொத்தம் 12 பேர். அதில் இருவர் 65 வயதைத் தாண்டியவர்கள், மூன்று பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். பூண்டி அருங்காட்சியகம், அத்திரம்பாக்கம், குடியம் குகை மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? எந்த வரிசையில் போகலாம்? அங்கே பார்க்க என்னதான் இருக்கும்? அத்திரம்பாக்கத்தின் வயதை இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 15 லட்சம் ஆண்டு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 3,85,000 ஆண்டு என்கிறார்கள். எது சரி?

கொசஸ்தலைக்கரை:
மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். பூண்டியும் அத்திரம்பாக்கமும் ஒரு நாள், குடியம் தனியாக ஒரு நாள். காரணத்தைக் கீழே யாராவது விரிவாக எழுதுவார்கள், நான் வழியை மட்டும் சொல்கிறேன்.

மாம்பலத்திலிருந்து மின்ரயிலில் பார்க் நிலையம், அங்கிருந்து சாலையைக் கடந்தால் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் புறநகர் நிலையம். திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி போகும் எந்த மின்ரயிலும் ஆகும். ஏறக்குறைய 42 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். திருவள்ளூரிலிருந்து பூண்டி சுமார் 12 கி.மீ.; பஸ் உண்டு. ஆனால் 12 பேர் பஸ்ஸை நம்பிப் போனால் பூண்டிக்கு அப்பால் மாட்டிக்கொள்வீர்கள். திருவள்ளூரிலேயே ஒரு வேனை நாள் வாடகைக்குப் பேசிவிடுங்கள். பேசும்போதே "ஊருக்குள் மண் ரோடு வரும், இரண்டு மணி நேரம் நிறுத்திக் காத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டால் பிறகு தகராறு வராது.

காலை 8 மணிக்குத் திருவள்ளூரில் டிபன், 9 மணிக்குள் பூண்டி, பகல் வெயில் ஏறும் முன் அத்திரம்பாக்கம். மதியச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அத்திரம்பாக்கத்தில் கடை, கழிப்பறை என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பெண்களும் மூத்தவர்களும் பூண்டியிலேயே அதை முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

எழும்பூர்வாசகி:
ஒரு திருத்தம்: பயணம் பூண்டியில் தொடங்கக் கூடாது, எழும்பூரில் தொடங்க வேண்டும். ஒரு வாரம் முன்னதாக அரசு அருங்காட்சியகத்துக்கு எல்லோரையும் அழைத்துப் போங்கள். நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்கருவிகள் அங்கேதான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை. கூடங்கள் மராமத்துக்காக அவ்வப்போது மூடியிருக்கும், ஆகையால் தொல்பழங்காலப் பகுதி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், கண்ணைப் பழக்காமல் அத்திரம்பாக்கம் போனால் தெரிவது சரளைக்கல்லும் முள்ளும் மட்டும்தான். அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு கைக்கோடரியைத் தேர்ந்து பத்து நிமிடம் பாருங்கள். அடிப்பாகத்தில் கூழாங்கல்லின் பழைய வழவழப்பான தோல் கொஞ்சம் மிச்சமிருக்கும். உள்ளங்கையில் பதிவது அந்தப் பக்கம். மேலே போகப்போகச் செதில் (கல் சில்லு) தட்டிப் பெயர்த்த குழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். எந்தக் குழி எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்தால், எந்த அடி முதலில் விழுந்தது, எது பின்னால் விழுந்தது என்று வரிசை சொல்லிவிடலாம். கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு நேர்கோடாக இராது; இரு முகத்தையும் மாற்றி மாற்றித் தட்டியதால் பாம்பு நெளிவது போல வளைந்து போகும். இந்த மூன்றையும் பிள்ளைகளிடம் காட்டிவிட்டால் போதும், பிறகு களத்தில் அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

பல்லாவரம்_1863:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கதை தொடங்குவது எங்கள் ஊரில். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஃபூட், பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்புத் திடலை ஒட்டிய செம்பூராங்கல் சரளைக் குழியிலிருந்து ஒரு கைக்கோடரியை எடுத்தார். ஐரோப்பாவிலேயே, அழிந்துபோன விலங்குகளின் காலத்தில் மனிதன் இருந்தான் என்பதை அறிஞர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டது 1859-இல்தான். நாலே வருடத்தில் அதே வகைக் கல்லைச் சென்னையில் அடையாளம் கண்டார் என்றால், அந்தச் செய்திகளைப் படித்துக் கண்ணைத் தயாராக வைத்திருந்தார் என்று அர்த்தம். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அதே துறையின் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள்.

பல்லாவரத்தில் இன்று அந்தக் குழியைத் தேடி அலைய வேண்டாம், சுற்றிலும் கட்டடங்கள். பல்லாவரத்தை எழும்பூரில் பார்த்துக்கொள்வதே சரி. இங்கே கிடைத்த இரும்புக்காலச் சுடுமண் ஈமப்பேழையையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

படிவுமண்:
15 லட்சமா, 3,85,000-ஆ என்று கேட்டவருக்கு: இரண்டும் சரி. ஒரே இடத்தில் இரண்டு வேறு மண்ணடுக்கு, இரண்டு வேறு தொழில்நுட்பம்.

1999-இலிருந்து தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தார்கள். 2011-இல் வெளியானது அடியிலுள்ள அடுக்குகளின் காலம். அங்கே கிடைத்தவை தொடக்க அச்சூலியன் கருவிகள், அதாவது கைக்கோடரியும் அகல வாய் கொண்ட கிளீவரும். இரண்டு முறையில் காலம் கணித்தார்கள். ஒன்று மண்ணின் காந்தத் திசை. படியும்போது மண்துகள் அன்றைய வடக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடி அடுக்குகளில் அது தலைகீழாக இருந்தது, அதாவது பூமியின் காந்தத் திசை இன்றைக்கு நேரெதிராக இருந்த பழங்காலத்தில் படிந்தவை. ஆகவே குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு. இரண்டாவது, கல்லிலுள்ள குவார்ட்ஸ். கல் வெளியில் கிடக்கும்வரை விண்கதிர் பட்டு அதில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் உண்டாகும். புதைந்த பிறகு உற்பத்தி நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். அலுமினியம் பெரிலியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகக் குறையும். மிச்சமுள்ள விகிதத்தை அளந்தால் எப்போது புதைந்தது என்று வந்துவிடும். அப்படி வந்த சராசரிதான் 15.1 லட்சம் ஆண்டு, கூடக்குறைய 70 ஆயிரம்.

2018-இல் வெளியானது அதற்கு மேலே உள்ள அடுக்குகள். அங்கே பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறு செதில் கருவிகள் வருகின்றன. முக்கியமாக லெவலாய்சியன் முறை: கருக்கல்லை (செதில் பெயர்க்கும் மூலக்கல்லை) முதலில் சுற்றிலும் தட்டிப் பக்குவம் செய்துகொண்டு, கடைசியில் ஒரே அடியில் வேண்டிய வடிவச் செதிலைப் பெயர்ப்பது. மண்துகள் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று அளக்கும் ஒளியுமிழ் முறையில் இதற்கு 3,85,000 ஆண்டு வந்தது, கூடக்குறைய 64 ஆயிரம். இந்த மரபு சுமார் 1,72,000 ஆண்டுவரை அங்கே தொடர்கிறது.

மாம்பலம்_நடைக்குழு:
மிக்க நன்றி சார், இப்போது தெளிவு. அந்த அடுக்குகளை நாங்கள் நேரில் பார்க்க முடியுமா?

படிவுமண்:
அகழாய்வுக் குழிகள் திறந்து கிடக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். 9 மீட்டர் வரை ஆழம் போன குழிகள் அவை. அப்படியே விட்டால் முதல் மழையிலேயே சரியும். நீங்கள் பார்க்கக் கூடியது ஓடை அரித்த நிலம். மழைநீர் வெட்டிய சிறு சிறு பள்ளங்களின் பக்கச்சுவரில் மண்ணின் நிறம் மாறுவதைப் பாருங்கள்: செந்நிறச் சரளை, மணல் கலந்த வண்டல், களிமண். சரளை என்றால் தண்ணீர் வேகமாக ஓடிய காலம், களிமண் என்றால் வெள்ளம் தேங்கி மெல்லப் படிந்த காலம்.

அந்தக் களிமண்ணைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அடியிலுள்ள களிமண்ணைக் கிரெட்டேசியஸ் காலத்து மட்பாறை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். மனிதனுக்குப் பல கோடி ஆண்டு முந்தியது, அதற்குள் தோண்டிப் பயனில்லை என்ற எண்ணம். புதிய அகழாய்வில் அந்தக் களிமண்ணுக்குள்ளேயே, அது படிந்த இடத்திலேயே கருவிகள் கிடந்தன. மாடு, குதிரை, நீலமான் இனத்துப் பல் புதைபடிவங்களும் கிடைத்தன. 15 லட்சம் என்ற கணக்கே அந்த "பயனில்லாத" மண்ணிலிருந்து வந்ததுதான். களத்தில் நிற்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கூழாங்கல்:
தரையில் கிடக்கும் கல் கருவியா வெறும் கல்லா என்று பிரிப்பது பற்றி எழுதுகிறேன், இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள்.

முதலில் கல் வகை. இங்கே கருவிக்குப் பயன்பட்டது குவார்ட்சைட். அல்லிக்குழி மலைத்தொடரில் கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறைகளிலிருந்து பிரிந்து வந்தது. மணற்கல் உடைந்தால் மணிகளைச் சுற்றி உடையும், கை வைத்தால் மணல் உதிரும். குவார்ட்சைட் உடைந்தால் மணிகளின் குறுக்கே உடையும். உடைந்த முகம் வழவழப்பாக, கற்கண்டு போல மினுங்கும்.

அடுத்து அடித்த தடயம். மனிதன் பெயர்த்த செதிலில், அடி விழுந்த இடத்தில் சிறிய சப்பையான மேடை ஒன்று இருக்கும். அதற்குக் கீழே, உள்முகத்தில், சற்றே உப்பிய குமிழ். குமிழிலிருந்து அலை போல மெல்லிய வளையங்கள் விரியலாம். குவார்ட்சைட்டில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது, பக்க ஒளியில்தான் தெரியும். வெயிலில் காய்ந்து தானாகத் தெறித்த சில்லில் மேடையும் இராது, குமிழும் இராது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டிராக்டர் கலப்பை, பொக்லைன், ஜல்லி உடைப்பு எல்லாம் கல்லில் மேடையும் குமிழும் உண்டாக்கும்! எனவே நிறத்தைப் பாருங்கள். பழைய தழும்பு (செதில் பெயர்ந்த குழி) செம்மண் ஊறிப் பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ மங்கியிருக்கும். கல்லின் மற்ற முகங்களுக்கும் அதற்கும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நேற்று உடைந்தது வெளிறி, பளிச்சென்று, விளிம்பு கையைக் கிழிக்கும் கூர்மையில் இருக்கும். ஒரே கல்லில் இரண்டும் இருந்தால் பழைய கருவியை வண்டி உடைத்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, தழும்புகளின் ஒழுங்கு. ஒரு கல்லில் ஒன்றிரண்டு தழும்பு இருந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆற்றில் மோதியும் வரும். ஒரே விளிம்பை நோக்கி ஐந்தாறு தழும்பு வரிசையாக வந்தால் நின்று பாருங்கள். தழும்புகளின் விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தால் வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்தது. கூர்மை மாறாமல் இருந்தால் அதிகம் நகராமல் அங்கேயே கிடந்தது.

படம் எடுக்கும்போது பக்கத்தில் 10 செ.மீ. அளவுகோல் வையுங்கள், மறந்துவிட்டால் பத்து ரூபாய் நாணயம் (27 மி.மீ. விட்டம்). காலை 9 மணிக்குச் சாய்வாக விழும் வெளிச்சத்தில் தழும்பு தானாக எழுந்து தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படம் எதற்கும் உதவாது.

அம்பத்தூர்_அப்பா:
என் கேள்வி பிள்ளைகளைப் பற்றி. அவ்வளவு கல் கிடக்கிற இடத்தில் ஆளுக்கு ஒன்று எடுத்து வந்தால் என்ன குறைந்துவிடும்? பள்ளியில் காட்டினால் பத்துப் பேருக்கு ஆர்வம் வருமே.

படிவுமண்:
எடுக்கக் கூடாது, ஒன்றுகூட. சட்டமும் தடுக்கிறது: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மனிதக் கைவேலை தொல்பொருள். ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்தக் கல் நமக்குச் சொல்லும் செய்தியில் பெரும்பங்கு அது கிடக்கும் இடத்தில்தான் இருக்கிறது. எந்த அடுக்குக்கு மேலே கிடக்கிறது, பக்கத்தில் செதில் துகள் இருக்கிறதா, கருக்கல் இருக்கிறதா. ஒரு உதாரணம்: அடி அடுக்கில் பெரிய கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைப் பெயர்த்தெடுக்கும் அளவுக்குப் பெரிய கருக்கற்கள் அங்கே இல்லை. இதைக்கொண்டுதான், பெரிய செதில்களை வேறிடத்தில் உடைத்து இங்கே தூக்கி வந்திருக்கிறார்கள் என்று அறிந்தார்கள். இல்லாததும் சான்று. ஆளுக்கொன்று பொறுக்கினால் அழகான கைக்கோடரிகள் முதலில் போகும். நாளை எண்ணிப் பார்ப்பவர் "இங்கே கைக்கோடரி குறைவு" என்று தப்பாக எழுதுவார்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு. ஒரு மீட்டர் நீள நூல் நான்கை வைத்துத் தரையில் ஒரு சதுரம். அதற்குள் உள்ள கற்களைத் தொடாமல் எண்ணி வரையட்டும்: உருண்டை எத்தனை, உடைந்தது எத்தனை, தழும்பு உள்ளது எத்தனை. பள்ளியில் காட்ட அந்தத் தாள் போதும். கருவி கிடந்த துல்லிய இடத்தை மட்டும் முகநூலில், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

எழும்பூர்வாசகி:
சில வீடுகளில் ஏற்கெனவே எடுத்து வந்த கல் அலமாரியில் இருக்கும். அதைக் கொண்டுபோய் மறுபடி அங்கே போட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். அதையும் செய்யாதீர்கள், தவறான இடத்தில் விழுந்தால் பொய்ச் சான்று ஆகிவிடும். எந்த ஊர், ஓடையின் எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று நினைவில் உள்ளதைத் தாளில் எழுதிக் கல்லோடு சேர்த்து, மாநிலத் தொல்லியல் துறையிடமோ அருங்காட்சியகத்திடமோ ஒப்படையுங்கள்.

முள்காடு:
குடியத்துக்கு ஏன் தனி நாள் என்பதை நான் விரிவாகச் சொல்கிறேன். குடியம் ஊர்வரை வண்டி போகும். அதன்பின் நாலைந்து கிலோமீட்டர் நடை, முட்புதர்க் காடு, தரை முழுக்க உருளும் கூழாங்கல். மேட்டைவிட இந்தக் கூழாங்கல்தான் கணுக்காலைப் பதம் பார்க்கும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று கொள்ளுங்கள். 65 வயதுக்காரர்களை அத்திரம்பாக்கம் சுற்றிய அதே நாளில் இதில் இறக்குவது நியாயமில்லை.

காட்டுக்குள் போவதால் வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஒற்றையடிப் பாதைகள் ஆடுமாடு போன தடத்தோடு கலந்துவிடும், செல்போன் வரைபடம் அங்கே கைகொடுக்காது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம், முள் அடிப்பக்கமாக ஏறிவிடும்.

பாறை விளிம்பில் மலைத்தேனீ கூடு கட்டும். அத்தர், சென்ட் வேண்டாம். புகை, பட்டாசு, கத்தல், கல்லெறிதல் எதுவும் கூடாது. கூடு தெரிந்தால் அதன் அடியில் நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

குகை என்று சொன்னாலும் உள்ளே நீண்டு போகும் குகை இல்லை. கூழாங்கல் பாறை மேலே குடை போலக் கவிந்து நிற்கும் ஒதுங்கிடம். கூரையை அண்ணாந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். கருவி செய்யக் கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் அங்கே தலைக்கு மேலேயே தொங்குகிறது. 1960-களில் கே.டி. பானர்ஜி அங்கே தோண்டியபோது கருவிகள் கிடைத்தன, ஆனால் நெருக்கமாக இல்லை. வந்து தங்கிப் போன இடம், நிலையாகக் குடியிருந்த இடம் அல்ல என்றே தோன்றுகிறது. முதல் குகையில் ஊர் மக்கள் அம்மனை வழிபடுகிறார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு, பூசைப் பொருளைத் தொடாமல் பாருங்கள்.

கொசஸ்தலைக்கரை:
பருவம் பற்றி யாரும் சொல்லவில்லை. தை, மாசி மிகப் பொருத்தம். சித்திரை முதல் ஆனி வரை நிழலில்லாத அந்த ஓடைநிலத்தில் பகல் 11 மணிக்குமேல் நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் களிமண் ஷூவில் ஒரு கிலோ ஒட்டும், ஓடைச் சரிவு வழுக்கும், ஈரச் சுவர் இடிந்து விழும். அதோடு பூண்டியில் உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும். ஊத்துக்கோட்டை சாலையில் ஒதப்பையில் இப்படிப் போக்குவரத்தே நின்ற மழைக்காலங்கள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் ஏரி நிலவரத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

ஆனால் மழை முடிந்து மூன்று நான்கு வாரத்தில் போனால் ஒரு நன்மை: புழுதி கழுவப்பட்டுக் கல்லின் தழும்பும் நிறமும் துல்லியமாகத் தெரியும். தை அதற்குத் தோது.

பல்லாவரம்_1863:
பூண்டியில் மூத்தவர்களுக்கு ஒரு இடம் சொல்லட்டுமா? ஊன்றீசுவரர் கோயில். பழைய திருவெண்பாக்கம் கோயில் நீர்த்தேக்கத்துக்குள் போனதால் மேட்டுக்கு மாற்றிக் கட்டியது. பார்வை இழந்து திருவொற்றியூரிலிருந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம். அணை 1944-இல் முடிந்தது, சத்தியமூர்த்தி பெயரில் அதைச் சத்தியமூர்த்தி சாகர் என்பார்கள். மற்றவர்கள் ஓடையில் சுற்றும் நேரத்தில் இவர்கள் இங்கே இருக்கலாம்.

மாம்பலம்_நடைக்குழு:
எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம்: முந்தின வாரம் எழும்பூர். பிறகு ஞாயிறு காலை பூண்டி அருங்காட்சியகம், 10:30-க்கு அத்திரம்பாக்கம், 12:30-க்குக் கிளம்பிப் பூண்டியில் சாப்பாடு. குடியம் மாசியில், நடக்கக் கூடிய ஏழு பேர் மட்டும். சரிதானே?

கூழாங்கல்:
இரண்டு மாற்றம். வரிசையைத் திருப்புங்கள்: முதலில் அத்திரம்பாக்கம், 8:30-க்கே; சாய்ந்த வெளிச்சமும் கிடைக்கும், வெயிலுக்கும் முந்திக்கொள்ளலாம். எழும்பூரில் கண் பழகியிருப்பதால் பூண்டியை மதியத்துக்கு வைக்கலாம். காலையில் களத்தில் கேட்டு விடை தெரியாமல் போனதை அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது, பூண்டி அருங்காட்சியகம் ஞாயிறு திறந்திருக்கும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கிளம்பும் வாரத்தில் தொல்லியல் துறையில் ஒரு போன் போட்டு விடுமுறை நாளையும் நேரத்தையும் கேட்டுவிட்டு வேன் பேசுங்கள்.

மாம்பலம்_நடைக்குழு:
சரி அண்ணா, மாற்றிவிட்டோம். நூலும் அளவுகோலும் வாங்கியாயிற்று. நாளைக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு நாளைக் குறிக்கிறோம்.